தைப்பிங்கில் மைனஸ் நாற்பது

ஹஸ்னிதாவுக்கு மலேசியாவின் தைப்பிங் ஊரில் பல் கிளினிக்கில் பெயர் பதியும் வேலை. ஆனால் கார் ஒயர் கையில் கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துபோகும்.

வீட்டுக் கார் அவளைவிட இரண்டு வயது மூத்தது. அதன் கம்ப்யூட்டருக்குப் பேச வராது, கண் சிமிட்டத்தான் தெரியும். கோளாறு வந்தால் விளக்கு நீளமாக ஒரு தடவை, குட்டையாக நாலு தடவை என்று மின்னும்; எண்ணிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். போன மாதம் அந்தக் கண்ணும் மூடி, காரும் நின்றுவிட்டது.

"சனிக்கிழமை பத்து மணிக்குப் பழைய இரும்பு வாங்குற லியோங்கோட லாரி வரும். அதுக்குள்ள ஓடினா உன் கார். இல்லேன்னா லியோங்கோட இரும்பு" என்றார் அப்பா ஜம்ரி.

கோளாறைக் கைப்பேசியிலேயே எழுத்தில் காட்டும் பிந்திய மாடல் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். நாற்பத்தெட்டு ஒயர். ஒவ்வொன்றிலும் கிளினிக்கில் மிஞ்சிய ஒட்டுச்சீட்டில் எண் எழுதி ஒட்டி, மூன்று வாரம் ஒன்றொன்றாகப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிச் செருகினாள்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே லாரி வந்து நின்றது. ஹஸ்னிதா சாவியைத் திருகினாள். கார் இருமியது, கரும்புகை கக்கியது, அடங்கியது. கைப்பேசியைப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்லுது?" என்று எட்டிப் பார்த்தார் ஜம்ரி.

"இன்ஜின் சூடு... மைனஸ் நாற்பதாம், அபா."

லியோங் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தைப்பிங்ல மழைதான் கொட்டும்னு நெனச்சேன், இப்ப பனியுமா லா? சொல்லியிருந்தா ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருப்பேனே!"

"நடுங்குது பாவம், போர்வை போர்த்தி ஏத்திட்டுப் போ" என்றார் ஜம்ரி.

ஹஸ்னிதாவுக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்தபோதுதான் பொறி தட்டியது. இந்த வெயிலில் எதற்குக் குளிரும்? கம்ப்யூட்டருக்குக் குளிரவில்லை, உணர்ச்சியே இல்லை. சூடு சொல்லும் ஒயர் எங்கோ கழன்று தொங்குகிறது. அதனால்தான் பனி என்று நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றி இன்ஜினை மூச்சுமுட்ட வைக்கிறது. அது முப்பத்தொன்றாம் ஒயர். குனிந்து தேடினாள். அந்த எண்ணை மட்டும் காணோம்.

"அமோய் பொண்ணு, உன் முழங்கையில என்ன அது?" என்றார் லியோங்.

முப்பத்தொன்று! காலையில் இரண்டு கையும் நிறைந்திருந்தபோது அந்தச் சீட்டை முழங்கையில் ஒட்டியவள் அப்படியே மறந்துபோயிருக்கிறாள்.

"ஒயரை விட்டுட்டு உனக்கே நம்பர் போட்டுக்கிட்டியா?" என்று ஜம்ரி தலையில் அடித்துக்கொண்டார்.

பேட்டரிக்குப் பின்னால் அநாதையாகக் கிடந்த ஒயரை எடுத்துச் செருகினாள். மைனஸ் நாற்பது ஒரே தாவலில் முப்பத்து நாலானது. தேங்கிய பெட்ரோல் வெளியேற ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அமுக்கிச் சாவியைத் திருகினாள். கார் ஒரு தும்மல் போட்டது. பிறகு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

ஜம்ரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ரொட்டி சானாய் கடைக்கு விடு."

"அப்ப நான் வெறுங்கையோடவா போறது?" என்று லியோங்கும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வாசலில் காலி லாரி நின்றது. தெரு முழுக்க, "ஐயோ குளிருதே! கண்ணாடியை ஏத்துங்க!" என்று கத்திக்கொண்டே போனார் லியோங்.