தீர்ப்பைத் தேடிப் போன சாத்துக்குடி

என் மேசை ஓரத்தில் ஒரு மஞ்சள் துணிப்பை, உள்ளே சாத்துக்குடி. பெங்களூர் மர்பி டவுன் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். நான் வக்கீல், அவர் என் கட்சிக்காரர். கணவர் இறந்தபின் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தார். அந்த வீடு போனால் அவருக்கும் மகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

அப்போதுதான் எங்கள் அலுவலகத்துக்குள் ஏஐ நுழைந்திருந்தது. புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி நான் அதைக் குடைந்துகொண்டிருந்தேன். அக்காவின் வழக்கைச் சொல்லி, இதுபோல் தீர்ப்பு உண்டா என்று கேட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றை நீட்டியது. ஜீவனஹள்ளியில் கணவனை இழந்த ஒரு பெண், அதே கொழுந்தன் தகராறு, வீடு அவளுக்கே. தீர்ப்புத் தொகுதியின் எண், பக்கம் எல்லாம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜீவனஹள்ளின்னா நம்ம பக்கம்தானே மேடம். அந்தம்மாவ ஒருவாட்டி பாத்துட்டு வரேன்" என்றார்.

நான் சிரித்தேன். ஜெயித்தவர் வீட்டை யார் தேடிப் போவார்கள்? அக்கா போனார், வெறுங்கையோடு போகக்கூடாதென்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. மறுநாள் அந்தப் பையை அப்படியே என் மேசையில் வைத்தார்.

"தெருத்தெருவா கேட்டேன் மேடம். கோயிலாண்ட, ரேஷன் கடையாண்ட, எல்லாம் கேட்டாச்சு. அப்படி யாருமே இல்லன்றாங்க."

தீர்ப்புத் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவரின் லாரி விபத்து வழக்கு இருந்தது. ஏஐயிடமே கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே மூச்சில் இன்னொரு தீர்ப்பை நீட்டியது! எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பொய் சொல்வதில் அதற்கு என்ன ஆதாயம்? நான் எதற்கு ஆசைப்பட்டேனோ அதையே எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று சொன்னதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"அப்போ யாருமே ஜெயிக்கலயா மேடம்?"

பழைய தொகுதிகளைப் புரட்டி, அரைகுறையாகப் பொருந்திய நிஜத் தீர்ப்புகளை வைத்தே வாதாடினேன். உயர்நீதிமன்றம் வரை இழுத்து, ஒருவழியாக வீடு அக்காவுக்கே என்று ஆனது.

போன மாதம் ஹெப்பகோடியிலிருந்து ஒரு பெண் அதே மாதிரி வழக்கோடு வந்தாள். இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏஐ, தீர்ப்பின் மூலப் பிரதியையும் சேர்த்தே தேடித் தருகிறது. தட்டியதும் முதலில் வந்தது அக்காவின் தீர்ப்பு. இருந்தாலும் தொகுதியை எடுத்துப் பக்கத்தைச் சரிபார்த்தேன். பிறகு அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு, அவளுக்கு முகவரி கொடுத்தேன். சாத்துக்குடி வாங்கிப் போகச் சொல்லி அந்த மஞ்சள் பையையும் கொடுத்தேன்.

மறுநாள் அவள் பையை என் மேசையில் வைத்தாள். காலியாக இருந்தது.

"வீட்லதான் இருந்தாங்க மேடம்" என்றாள்.