மான் சுடுகிறவனிடமும் கருத்துக் கேட்டார்கள்

எங்கள் தொழிலில் மானுக்கு நூறடி கிட்டப் போவது சுலபம். மானைப் பற்றிக் கூட்டம் போடுகிறவர்களுக்கு நூறடி கிட்டப் போவதுதான் கஷ்டம்.

நான் இருப்பது லண்டனில், வால்தம்ஸ்டோவில். கிழமை நாட்களில் எலி, புறாத் தொல்லைக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. சனி, ஞாயிறுகளில் நகரத்துக்கு வெளியே காட்டை ஒட்டியிருக்கிற பண்ணைகளில் மான் சுடுவேன். மன்னாரில் பிறந்த நீ இதற்குள் எப்படி வந்தாய் என்று கேட்பீர்கள். இடையில் பத்து வருடம் ஜெர்மனி. அங்கே நான் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி ஒரு வேட்டைக்காரர். என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வேட்டைப் பரீட்சைக்கு இருத்திவிட்டார். சட்டம், நோய், மரம், நாய், துவக்கு என்று ஒரு வருடப் படிப்பு. பாஸ் பண்ணினால் மாவட்டக் கூட்டத்தில் வேட்டைக்காரர்களுக்கென்று இருந்து பேசக் கதிரையும் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு லண்டன் வந்தபோது இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். கவுன்சிலுக்குப் படிவம் நிரப்பி அனுப்பி, ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற ஒற்றை வரிக் கடிதம் வாங்கிய அன்பர்களே, மிச்சக் கதை உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆனாலும் சொல்கிறேன்.

நீங்கள் யார்?

நாங்கள் ஏழு பேர் சேர்ந்த ஒரு சின்னச் சங்கம். தலைவர் டெரிக், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எழுத்து வேலைக்கு ஒருவரும் முன்வராததால் நான் செயலாளர். ஆறு வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கும் மன்னார்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் அரசாங்கம் மான் சட்டத்தைத் திருத்தப்போவதாகவும், யாரும் கருத்துச் சொல்லலாம், பிறகு கூட்டமும் நடக்கும் என்றும் அறிவித்தது. பெண் மான் சுடுவதை நவம்பரில் தொடங்கி, அப்போது பெப்ரவரி முடிவோடு நிறுத்திவிட வேண்டும். அதை மார்ச் முடிவு வரைக்கும் நீட்டலாமா என்பது ஒரு கேள்வி. மான் பெருகிக் கன்றுமரங்களைத் தின்கிறது என்பது உண்மை. அதற்காகத்தான் நாங்களே சுடுகிறோம். ஆனால் மார்ச்சில் பெண் மானின் வயிற்றில் இருக்கிற குட்டிக்குக் குளம்பு முளைத்திருக்கும். வயிற்றைத் திறக்கிற கை எங்களுடையது. வேண்டாம் என்று சொல்ல எங்களை விட்டால் ஆர் இருக்கினம்?

படிவத்தின் முதல் கேள்வி, ‘நீங்கள் யார்?’ கீழே கட்டங்கள். நிலச் சொந்தக்காரர், விவசாயி, நடைபயணி, சைக்கிள் ஓட்டுபவர், குதிரை ஓட்டுபவர், பறவை பார்ப்பவர், தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம், மற்றவை. மானைச் சுடுகிற சட்டத்துக்கான படிவத்தில் மானைச் சுடுகிறவனுக்குக் கட்டம் இல்லை. படிவம் தந்த அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எடுத்த பெண் இரண்டு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு, நல்ல சந்தோஷமான குரலில் சொன்னாள்: “கவலைப்படாதீர்கள் சார், ‘மற்றவை’ என்பதையும் நாங்கள் எண்ணுவோம்.”

காலை ஆறு மணிப் பட்டியல்

பதினொரு பக்கம் எழுதி அனுப்பினோம். கூட்டத்துக்கு அழைப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொரு அழைப்பு வந்தது. காட்டோரத்து ரோட்டில் காரில் அடிபட்ட மானை மேலும் வதைபடாமல் முடித்துவைக்கிற ஆட்களின் பட்டியல் ஒன்று பொலிஸிடம் இருக்கிறது. அதில் என் பெயரும் உண்டு. காலை ஆறு மணிக்குப் போன் வந்தால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடவேண்டும்.

அன்றைக்கு ஒரு பெண் மான். பின்னங்கால் இரண்டும் முறிந்து, முன்னங்காலால் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. இடித்த கார்க்காரப் பெண் வேலியோரம் இருந்து அழுதுகொண்டிருந்தாள். பொலிஸ்காரி அவளை மறுபக்கம் திருப்பி இருத்தினாள். நான் செய்யவேண்டியதைச் செய்தேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் நாள் முழுக்க என்னோடு கூடவே வரும். பிறகு என் வான் வண்டிக்குள் அதை ஏற்றுகையில், இந்த மானைப் பற்றிப் பேசக் கூட்டம் போடுகிறார்கள், எங்களைக் கூப்பிடவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பொலிஸ்காரி கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்: “அந்தக் கூட்டத்தை ஒருநாள் இங்கே, இந்த நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.”

கதிரை கிடைத்த விதம்

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி போன் பண்ணினார். பண்பான மனிதர். வேட்டைக்காரர்களுக்கு மேசையில் இடமில்லை, மன்னிக்கவேண்டும் என்றார். நிலச் சொந்தக்காரர்கள் வருவதால் உங்கள் நலனும் அதற்குள் அடங்கிவிடுகிறதாம். காணிக்காரன் பேசினால் கூலிக்காரன் பேசினதுபோலத்தான் என்று சொல்வதற்கு எவ்வளவு அழகான ஆங்கிலம்!

போனை வைக்கப்போனேன். “ஒரு நிமிடம்” என்றார். என் பெயரைக் கவனித்தாராம். சிறுபான்மைச் சமூகங்களின் குரல் அவர்களுக்குப் பற்றாக்குறையாம். இயற்கையான இடங்களில் உங்கள் சமூகத்தவரின் அனுபவம் எப்படி என்று வந்து பேசமுடியுமா என்று கேட்டார். எனக்குக் காது சூடேறிவிட்டது. ஆறு வருடம் பனியிலும் சேற்றிலும் படுத்தெழும்பிப் படித்த விஷயத்துக்கு இடமில்லை. என் தோலுக்கு இடமிருக்கிறது. வரமாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்தில் நின்று போனுக்குக் காது கொடுத்திருந்த டெரிக் என் தோளை அமத்தி, ‘ஓம் என்று சொல்’ என்று சைகை காட்டினார். சரி, வாறன்; ஆனால் மானைப் பற்றியும் பேசலாமா என்று கேட்டேன். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “முடிந்தளவு அதைத் தவிர்த்துக்கொண்டால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.”

பிலோமினாக்கா

எங்கள் ஆட்களிடமாவது எனக்கு மதிப்பு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு சேர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் பாதிப்பேர் மான் இறைச்சி கேட்பார்கள். மீதிப்பேர் என்னைக் கண்டதும் பிள்ளைகளைக் கிட்ட இழுத்துக்கொள்வார்கள். இறைச்சி கேட்கிறவர்களும் பிள்ளைகளை இழுக்கிறவர்களும் சிலவேளை ஒரே ஆட்கள்தான்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு பிலோமினாக்கா மறித்தார். அவர் இல்ஃபோர்டிலிருந்து வருகிறவர், தாதியாக வேலை. ஊரில் தம்பியைப் பறிகொடுத்தவர். “துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே அந்தோனி எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்தனாங்கள். நீர் இஞ்சை வந்து அதையே தூக்கிக்கொண்டு திரியிறீர். உமக்கு மனம் ஏலுதோ?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். என் மனைவி ஸ்டெல்லா பேசவந்தாள்; நான் தடுத்தேன். அக்காவுக்குக் கோபிக்கிற உரிமை உண்டு. ரோட்டில் கிடந்த மானைச் சொன்னேன். மார்ச் மாதத்தைச் சொன்னேன். அந்த ஒரு மாதத்தையாவது நிறுத்தத்தான் கூட்டத்துக்குப் போறன், ஆனால் போனாலும் ஒருத்தரும் கேட்கமாட்டினம் என்றேன். அவர் முகம் மாறியது. முக்காட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: “கேக்காட்டிலும் போய்ச் சொல்லும். எங்களைப் பற்றி எத்தினை மேசையிலை இருந்து கதைச்சவை, ஒருக்காலாவது எங்களைக் கூப்பிட்டவையே?”

மூன்று நிமிடம்

கூட்டம் லண்டன் நடுவில், பெரிய மண்டபத்தில். என் முன்னால் வைத்த அட்டையில் ‘சமூகப் பிரதிநிதி’ என்றிருந்தது. காலை முழுக்க மற்றவர்கள் பேசினார்கள். நடைபயணி, ஒரு மானைத் தூரத்தில் கண்டு மெய்சிலிர்த்த கதையைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் முறை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மூன்று நிமிடம்.

“எங்கள் சமூகத்துக்கு இந்தக் காடு பிடித்திருக்கிறது, நன்றி” என்று முதல் அரை நிமிடத்தில் சமூகத்தை முடித்தேன். பிறகு என் கொப்பியைத் திறந்தேன். நான் வயிறு திறந்த ஒவ்வொரு பெண் மானின் திகதியும் உள்ளே இருந்த குட்டியின் நீளமும் அதில் இருக்கிறது. மார்ச் மாதப் பக்கங்கள் ரோட்டில் அடிபட்டவற்றிலிருந்து எழுதினவை. வாசித்தேன். ஜனவரியில் இவ்வளவு, பெப்ரவரி முடிவில் இவ்வளவு, மார்ச் நடுவில் குளம்பு, மார்ச் கடைசியில் ஒன்று என் கைக்குள் அசைந்தது. கடைசி வரியில் என் குரல் உடைந்துவிட்டது, வெட்கமில்லை, சொல்கிறேன். தலைமை தாங்கிய ஆய்வாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மிக மரியாதையாகச் சொன்னார்: “மனதைத் தொட்டது, நன்றி, ஆனால் இவை அனுபவத் துணுக்குகள், தரவுகள் அல்ல.”

சாப்பாட்டு வரிசையில்

காலையில் நடைபயணி கண்ட ஒற்றை மான் தரவா என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் குளிக்கும்போது ஞாபகம் வந்தால் தனியே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாண்ட்விச் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் மிருகங்களுக்காகப் பாடுபடும் அமைப்பு ஒன்றின் பெண்மணி. காலையில் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். இப்போது கிட்ட வந்து, மார்ச் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி என்று மெல்லச் சொன்னார். எனக்குப் பெரிய சந்தோஷம். பின்னேர அமர்வில் இதையே நீங்களும் எழும்பிச் சொன்னால் போதும், நாங்கள் இரண்டு பகுதியும் ஒன்றாய் நின்றால் அவர்கள் என்ன செய்யமுடியும் என்று கெஞ்சினேன். அவருக்குக் கண் கலங்கினமாதிரித்தான் இருந்தது. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். “துவக்கு வைத்திருக்கிறவரோடு ஒரே பக்கம் நின்றால், நாளைக்கு என் அமைப்பில் எனக்கு இடமிருக்காது.”

அறிக்கை

தலையணைப் பருமனில் அறிக்கை வந்தது. டெரிக்கின் குசினி மேசையில் ஏழு பேரும் குனிந்து எங்கள் பதினொரு பக்கத்தைத் தேடினோம். பின்னிணைப்பில் கிடைத்தது: ‘மற்றவை பிரிவில் சிலர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தனர்.’ அவ்வளவுதான். மார்ச் மாதம் சுடுவதற்குத் திறக்கப்பட்டது. ஒருவர் அறிக்கையைத் தூக்கி நிலத்தில் எறிந்தார். அது விரிந்து விழுந்த பக்கத்தில் அரைப் பக்க அளவுக்கு என் படம், கீழே ‘பல்லினச் சமூகங்களும் உற்சாகமாகப் பங்கேற்றன’ என்று ஒரு வரி. டெரிக் அதை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார். “படம் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தோனி. நீ வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.”

மார்ச்

சட்டம் சுடலாம் என்றது. சுடத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. அன்றைக்கே ஏழு பேரும் கைதூக்கினோம், மார்ச்சில் பெண் மானைத் தொடுவதில்லை என்று. அதை எங்கள் பண்ணைக்காரர்களுக்கும் எழுதினேன். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அதிக நிலம் தந்திருந்தவர் கொதித்தார். பயிரைத் தின்பது மானா உங்கள் மனச்சாட்சியா என்று கேட்டுவிட்டு, வேறு ஆட்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். ஆறு வருடம் நடந்த வயல்வரப்பு ஒரு கடிதத்தோடு போனது. ஸ்டெல்லா அன்றைக்குக் கேட்டாள், சரியாய் நடந்தால் ஏன் எப்போதும் நாங்களே வெளியில் நிற்கிறம் என்று.

ஏப்ரலில் அந்தப் பண்ணைக்காரரே போன் பண்ணினார். மார்ச் கடைசியில் புது ஆட்கள் சுட்ட மானை அவருடைய கொட்டிலிலேயே வைத்துத் திறந்திருக்கிறார்கள். அவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். உள்ளே கிடந்த குட்டிக்குக் குளம்பு இருந்ததாம். பிறகு சொன்னார்: “நவம்பரில் வாருங்கள். என் நிலத்தில் இனி மார்ச் கிடையாது.”

ஆக, ஒரு நாட்டின் அரசாங்கமே கருத்துக் கேட்ட இடத்தில் எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது சேற்றுச் சப்பாத்துப் போட்ட ஒரேயொரு மனிதரின் காது, அதுவும் அவர் தன் கண்ணால் பார்த்த பிறகு.