அடோசிண்டாவின் பேரி மரம்

திராஸ்-ஓஸ்-மோன்டிஸ் மலையில் எஷ்கல்யேரு என்றால் இரண்டு மரம். ஒன்று காட்டுப் பேரி; மற்றது சிவப்பு மணிக்காய் காய்க்கும் முள்மரம். இரண்டிலும் முள் உண்டு, வெள்ளைப் பூ உண்டு, ஆடு இரண்டையும் தின்னும். வேறு வேறு பெயர் வைக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அடோசிண்டா எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருடம். புருஷன் பிரான்சில் கொத்தனார். கிறிஸ்துமஸுக்கு வந்து, ரொட்டி கறுப்பாக இருக்கிறது என்பான். பொதுக்காட்டில் எப்போது விறகு வெட்டலாம், யார் ஆடு எங்கே மேயலாம் என்று கூட்டம் போட்டால், அந்த வீட்டுக்காகவும் புருஷனின் அண்ணன் அமில்கரே வாக்களிப்பார். அவளிடம் கேட்டதில்லை.

வாக்கு அவளுக்கு வர ஊர் வழக்கத்தில் ஒரே வழிதான். பொதுக்காட்டு எஷ்கல்யேரு ஒன்றில் நல்ல பேரியை ஒட்டுக் கட்டவேண்டும். மூன்றாம் வருடச் செப்டம்பரில் ஊர்க்காரர்கள் வந்து பார்க்கும்போது மரத்தில் காய் நிற்கவேண்டும். தவறினால் மறுபடி கட்ட விடமாட்டார்கள்.

மார்ச் மாதம் அவள் இடுப்புயர முள்மரம் ஒன்றை அறுத்துப் பேரிக்குச்சியைச் செருகிக்கொண்டிருந்தாள். அமில்கர் கழுதையை நிறுத்தினார்.

"ஏம்மா, காட்டுப் பேரி அந்தப் பக்கம் நிக்குது. இதுல கட்டுனா காத்துக்கு ஒட்டுலயே முறிஞ்சிரும்."

"காட்டுப் பேரியில கட்டுனா எப்ப காய்க்கும், மச்சான்?"

"ஏழு வருஷம். மரம்னா அப்படித்தான்."

"எனக்கு மூணுதான் இருக்கு. இதுவும் எஷ்கல்யேருதான், இதுல சீக்கிரம் காய்க்கும். நீங்க போங்க, கழுதை காத்திருக்கு."

மூன்றாம் கோடையில் ஒன்பது காய். ஒட்டு கழலை போல வீங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் வரவேண்டிய நாள் காலையில் காற்றடித்தது. நான் ஆடு தேடிப் போனபோது, பாதி பிளந்த மரத்தை அவள் கட்டிப்பிடித்து நின்றிருந்தாள். ஐந்து காய் தரையில். 

பத்து மணிக்கு ஊர்க்காரர்களோடு கூட்டத் தலைவர் ஃபௌஸ்டினோ வந்தார். கூடவே அமில்கர்.

"அவளக் கையெடுக்கச் சொல்லுங்க!"

"முதல்ல எண்ணுறேன்யா." ஃபௌஸ்டினோ கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். "நாலு. மரத்துல இருக்கு. எழுதிக்கிட்டேன். இனி விடும்மா."

அவள் விட்டாள். மரம் சாய்ந்தது.

"இப்ப மரமே இல்லையேய்யா!"

"எண்ணும்போது இருந்துச்சுல்ல? நாளைக்கு இடி விழுந்தா அதுக்கும் நானா பொறுப்பு?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். விறகு வெட்டு நவம்பருக்கா, அக்டோபருக்கா? நவம்பர் என்றதும் அமில்கர் பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கினார்.

"ஒண்ண இறக்குய்யா" என்றார் ஃபௌஸ்டினோ.

எதை இறக்குவது என்று முடிவெடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடோசிண்டா அக்டோபருக்குத் தூக்கினாள். நவம்பர்தான் ஜெயித்தது. அவள் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள்.