வெள்ளாடு இல்லாத ஒத்திகை

மதிவதனியின் அடையாள அட்டையில் ‘காலநிலைத் தாங்குதிறன் ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருக்கும். அவள் அம்மா ஞானம்மா அதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து ‘ஆட்டு ஆபீஸ்’ என்று சுருக்கிக்கொண்டாள். அதில் தப்பும் இல்லை. ஒரகடத்தில் கார்க்கண்ணாடி பொருத்தும் லைனில் இரண்டு வருஷம் நின்று, கால் வீங்கி வேலையை விட்டவள், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆலைகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் ஏரிப் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர்கள் வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் தப்ப வழி செய்வது அவள் வேலை. நடைமுறையில், பாதி நாள் தடுப்பூசிக்காக ஆட்டைத் துரத்துவாள். மீதி நாள் துரத்தியதை அறிக்கையாக எழுதுவாள்.

இந்த வருஷம் அவளுக்கு ஒரே கவலை. ஐப்பசி மழைக்கு முன், அங்கே மேய்க்கும் நாகப்பனின் ஆடுகளுக்கு வெள்ளத்தில் ஒதுங்க ஒரு மேடு வேண்டும். 2015 வெள்ளத்தில் பதினெட்டு ஆடுகளைப் பறிகொடுத்தவர் அவர். பக்கத்தில் இருந்த ஒரே மேடு, ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை தன் வளாகத்துக்குள் மண்ணடித்துப் போட்டிருந்த காலி இடம். எட்டு மாதம் நடையாய் நடந்த பிறகு அதன் பாதுகாப்பு அதிகாரி ரகுபதி இறங்கி வந்தார். ஒத்திகை வைப்பார்; கேட்டிலிருந்து மேட்டுக்கு இருபது நிமிஷத்தில் ஆடுகள் போய்ச் சேர்ந்தால் அனுமதி. ஆனால் வெள்ளாடு கூடாது. போன மாதம் ஒன்று உள்ளே புகுந்து குரோட்டன்ஸ் செடிகளை மொட்டையடித்துவிட்டு, செக்யூரிட்டி நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தது.

மதிவதனி உடனே சரி என்றாள். செம்மறிக் கூட்டத்தில் வெள்ளாடு இரண்டே இரண்டு. நாகப்பன் மட்டும் அது ஆகாது என்று முனகினார். தடுப்பூசிக்கும் இப்படித்தான் முனகினார் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒத்திகை அன்று, கேட் வரைக்கும் வெள்ளாடுகள் முன்னால் நடக்க, செம்மறிகள் ஒழுங்காக வந்தன. வெள்ளாடுகளைப் பிரித்து ஒரு கடைக்குப் பின்னால் கட்டினார்கள். அவ்வளவுதான். அறுபத்திரண்டு செம்மறிகளும் ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்று முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டன. தட்டினாலும் தள்ளினாலும் அசையவில்லை. பின்னால் ஷிப்ட் பஸ்கள் மூன்று வரிசை கட்டின.

“ஒம்பது நிமிசம் ஆயிட்டு மேடம்,” என்றார் ரகுபதி, கடிகாரத்தைப் பார்த்தபடி. அவர் திருநெல்வேலிக்காரர்.

“செம்மறி வழி பாத்து நடக்காது மதி,” என்றார் நாகப்பன். “முன்னாடி போறதோட பின்னாடியப் பாத்துதான் நடக்கும். முன்னாடி போறதுக்குத்தான வெள்ளாடு.”

“நீங்க முன்னாடி போங்கண்ணே.”

“நான் பின்னாடி நின்னு ஓட்டுற ஆளு. என் குரல் முன்னாடி கேட்டா ரிவர்ஸ்ல பூடும்.”

அவர் வெள்ளாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவந்து அவள் கையில் கொடுத்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் வெறுமனே வாயசைத்தே ஐந்து கிறிஸ்துமஸைக் கடத்தியவள் மதிவதனி. கேட்டில் மாட்டிவிட்ட ஹெல்மெட்டைச் சரிசெய்தாள், மணியைக் கழுத்தில் மாட்டினாள், பஸ் ஜன்னல்களைப் பார்க்காமல் கத்தினாள்.

“ம்மேஏஏ.”

“அது குட்டி. தாயாடு மாதிரி கத்து,” என்றார் நாகப்பன்.

மூன்றாவது கத்தலில் ஓர் ஆடு தலை தூக்கியது. பிறகு கூட்டமே நகர்ந்தது. கேட்டின் மஞ்சள் கோட்டை முதல் ஆடு ஏனோ தாண்டிக் குதிக்க, அறுபத்தொன்றும் அதே இடத்தில் குதித்தன. அவள் மூச்சு வாங்க நின்றால் அவையும் நின்றன. பதினெட்டாவது நிமிஷம் மேட்டில் ஏறியபோது அவளுக்குத் தொண்டை போயிருந்தது.

ரகுபதி திருப்தியாக அனுமதிக் கடிதத்தில், வெள்ளக் காலத்தில் ஆடுகளை முன்னின்று அழைத்து வருபவர் மதிவதனி என்று எழுதப் போனார். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், வெள்ளம் என்னைக் கேட்டுக்கினா வரும்?” குரல் கீறல் விழுந்து வந்தது. “நான் ஊர்ல இல்லாத அன்னைக்கு இதுங்க இங்கயே நின்னு முழுகும். அந்த வெள்ளாட்டு பேர எழுதுங்க.”

“குரோட்டன்ஸ்?”

“வாய்க்கூடை போட்டுக் கூட்டியாரோம்.”

ரகுபதி கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு கேட் பதிவேட்டைத் திறந்தார். அதில் ஆட்டுக்குப் பத்தி கிடையாது. கடைசியில், ‘திரும்ப எடுத்துச் செல்லும் பொருள்: செம்மறி, 62’ என்று எழுதினார். ‘டிரைவர்’ என்ற இடத்தில் ‘வெள்ளாடு, வாய்க்கூடையுடன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார்.