ரயில் போன வழி

பாதையோரம் பெயர்ந்து நின்ற ஒரு தளக்கல்லை அந்தப் பெண்மணி குதிகாலால் மிதித்துப் பார்க்கிறார். கல் ஆடுகிறது. “இங்க பாரு, ஆறு வயசுப் பிள்ளை பல்லு மாதிரி ஆடுது. யாராவது தடுக்கி விழுந்தா நம்ம தலையைத்தான் உருட்டுவாங்க” என்று பின்னால் வருகிற தொழிலாளியிடம் சொல்லிவிட்டு, தோள்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துக் கல்லின் மேல் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அப்பாடா” என்கிறார். பிறகு மறுபடியும் நடை.

அந்த நடையைப் பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். நல்ல உயரமான பெண்மணி, நீளமான கால்கள். ஆனால் எட்டி வைப்பதில்லை. குட்டை குட்டையாக, ஒரே அளவாக, கண்ணுக்குத் தெரியாத படிகளில் கால் வைப்பதைப் போல நடக்கிறார். தண்டவாளத்தின் குறுக்குக்கட்டைகளில் கால் வைத்து வைத்துப் பழகிய நடை அது. கட்டைகளைப் பெயர்த்து எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கால்கள் அதை நம்பவில்லை.

நகரத்தின் பூங்காத் துறையில் அவர் சூப்பர்வைசர். பழைய ரயில் தடம் ஒன்றை நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். நகரத்தின் ஒரு விளிம்பில் தொடங்கி, வீடுகளின் முதுகுப்புறமாகவே வளைந்து வளைந்து போகிறது. நடுவில் குழந்தைகள் விளையாட ஒரு பூங்கா, பந்து ஆட ஒரு மைதானம், உட்கார பெஞ்சுகள். இத்தனைக்கும் பொறுப்பு அவர். தொழிலாளர்கள் நேரில் “மேடம்” என்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் “ரயிலக்கா”. அது அவருக்கும் தெரியும். “எருமைன்னு சொல்லாம ரயிலுன்னு சொல்றானுங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்பார்.

எனக்கு அவரோடு அறிமுகம் ஆனதே திட்டு வாங்கித்தான். காலை நடையில் எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டுப் புல்லில் கால் வைத்துவிட்டேன். எங்கிருந்தோ விசில் சத்தம். “சார்! அது நேத்துதான் போட்ட புல்லு. அதுவும் ஒரு உசுருதானே, கொஞ்சம் வேர் பிடிக்க விடுங்க!” மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல, நீங்க ஒல்லி. அதுக்கு ரொம்ப வலிச்சிருக்காது” என்று உடனே சமாதானமும் சொன்னார்.

அவர் வாயில் இந்த இடங்களுக்கெல்லாம் வேறு பெயர்கள். சறுக்குமரம் இருக்கும் இடம் ‘சிக்னல்’. மைதானம் ‘கூட்ஸ் ஷெட்’. குடிதண்ணீர்க் குழாய் இருக்கும் மேடைக்கு ‘தொட்டி’. நீராவி இன்ஜின்கள் அங்கேதான் தண்ணீர் குடித்தனவாம். “சிக்னல் கிட்ட குப்பை கிடக்கு, வாரிட்டு வா” என்று அனுப்பப்பட்ட புதிய ஆள் ஒருவர் நான்கு முனைச் சந்திப்புக்குப் போய், போக்குவரத்து விளக்கின் அடியிலே கூட்டிக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டார்.

புது பெஞ்சு வந்தால், கூட்டத்தில் நல்ல கனமான ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டுத் தொப்பென்று உட்காரச் சொல்வார். பெஞ்சு முனகாவிட்டால்தான் கையெழுத்து. பூச்செடிகளின் மேல் அவருக்குப் பெரிய மயக்கம் கிடையாது. “பூக்கட்டும், யாரு வேணாம்னா? ஆனா நடக்கிறவங்க கண்ணைக் குத்தாம பூக்கட்டும்.” மாலையில் மைதானத்தில் பந்து ஆடுகிறவர்களுக்கும் மைதானத்தைச் சுற்றி நடக்கிற பெரியவர்களுக்கும் தினம் ஒரு தகராறு உண்டு. இவர் நடுவில் போய் நின்று இரு தரப்பையும் சமமாகத் திட்டுவார். திட்டு தீர்ந்ததும் இரு தரப்பும் ஒன்று சேர்ந்து அவரைப் பற்றிக் குறை பேசிக்கொள்ளும். “எப்படியோ சேர்ந்துட்டாங்கல்ல?” என்பார்.

அவருடைய அப்பா இந்தத் தடத்தில் கேட்கீப்பராக இருந்தவர். பாதை மெயின் ரோட்டைக் கடக்கிற இடத்தில்தான் அந்த ரயில்வே கேட் இருந்தது. பக்கத்திலேயே, தடம் ஓடிய மேட்டின் தோளில் ஒட்டிக்கொண்டதுபோல, கேட்காரருக்கு ஒரு வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு கொய்யா மரம். ரயிலக்காவும் அவர் தம்பியும் அங்கேதான் வளர்ந்தார்கள்.

“ரயிலு வர்றது முதல்ல எங்க வீட்டுப் பாத்திரத்துக்குத்தான் சார் தெரியும்” என்றார் ஒரு நாள், பாதையோரம் நின்று தேநீர் குடித்தபடி. “தட்டு, மூடியெல்லாம் மெதுவா கிசுகிசுன்னு பேச ஆரம்பிக்கும். அப்பா சாப்பாட்டுல கையை உதறிட்டு எழுந்திருவாரு. பச்சைக் கொடி, சிவப்புக் கொடி ரெண்டையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாரு. அவரு முழுசா ஒரு சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல.”

சில டிரைவர்கள் அந்தக் குழந்தைகளுக்காகவே கூடுதலாக ஒரு சின்ன விசில் கொடுப்பார்களாம். சாயங்கால பாசஞ்சர் வண்டி கேட்டை நெருங்கும்போது வேகம் குறையும். ஜன்னல் முகங்கள் நன்றாகத் தெரியும். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு முகத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எங்கே போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு. “தம்பி பயங்கரமா சொல்லுவான். ‘அந்த மீசைக்காரர் மாமியார் வீட்டுக்குப் போறார், மூஞ்சியைப் பாரு’ன்னுவான். அவனுக்கு அப்ப மாமியார்னா யாருன்னே தெரியாது!”

சொல்லும்போது அவர் முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிடும். கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும்.

கடைசி ரயில் போன நாளில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லையாம். மாலை, கூட்டம், உரை எதுவும் இல்லை. அப்பா வழக்கம்போல கேட்டைப் போட்டார், பச்சைக் கொடி காட்டினார், வண்டி போனதும் கேட்டைத் திறந்தார். பிறகு கொடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். “உள்ள வாங்களேன்னு அம்மா கூப்பிட்டாங்க. ‘இரு, வர்றேன்’னாரு. எதுக்கு இருக்கணும்னு அவருக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல.” அப்பாவை வேறு ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். குடும்பம் மூட்டை கட்டியது. தண்டவாளத்தை ஏலம் எடுத்தவர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். தடத்தில் முள் மண்டியது, குப்பை சேர்ந்தது, உடைந்த பாட்டில்கள் வந்தன. பகலில்கூடப் பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

வளர்ந்த பிறகு அவர் இதே நகரத்துக்குத் திரும்பி வந்தார். பூங்காத் துறையில் புல் பிடுங்கும் வேலை கிடைத்தது. படிப்படியாக மேலே வந்தார். பழைய தடத்தை நடைபாதை ஆக்கப் போகிறார்கள் என்ற செய்தி அலுவலகத்துக்கு வந்த அன்றே அதிகாரியின் முன்னால் போய் நின்றிருக்கிறார். “இத்தனை வருஷத்துல உங்ககிட்ட லீவு தவிர ஒண்ணும் கேட்டதில்ல சார். இதைக் கேக்கறேன்.” கிடைத்தது.

பாதைக்கு வரைபடம் போட்டவர் ஓர் இளம்பெண் எஞ்சினியர். கூரை இறங்கிக் கிடந்த அந்தக் கேட் வீடு யாருடையது என்று தெரிந்ததும் அந்தப் பெண் தனியாக ஒரு படம் வரைந்து எடுத்துவந்தாராம். வீட்டைப் பழுதுபார்த்து, வெள்ளையடித்து, உள்ளே செய்தித்தாள் படிக்க இடம். சுவரில் அப்பாவின் விளக்கும் கொடியும். பாதைக்கு ஏற, கொஞ்சம் தள்ளிப் படிக்கட்டு. “உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன் மேடம்” என்றாராம்.

“அழகா இருந்துச்சு சார். அவ்வளவு அழகா அந்த வீடு என்னைக்கும் இருந்ததே இல்ல” என்றார் ரயிலக்கா. படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். “கண்ணு, நீ நல்லா இருப்பே. ஆனா இந்த வீட்டை எடுத்துருவோம்.”

காரணம் எளிமையானது. மேட்டுக்குக் கீழே நெருக்கமாக ஒரு குடியிருப்பு. அங்கிருந்து பாதைக்கு ஏற, மேடு அகன்று சாய்வாக இறங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் அந்த வீடு உட்கார்ந்திருந்தது. வீடு இருந்தால் படிக்கட்டுதான் வரும். வீடு போனால் நீளமான, மெதுவான சரிவு போடலாம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் ஏறும். எஞ்சினியர் பெண்ணுக்கும் அது தெரியும். “ஆனா உங்க வீடாச்சே மேடம், அதை எப்படி நான் சொல்றது?” என்று கண் கலங்கினாராம்.

அந்தக் குடியிருப்பில்தான் தம்பி இருக்கிறார். லாரி ஓட்டியவர். சரக்கு சரிந்து முழங்காலில் விழுந்ததிலிருந்து ஒரு கால் சரியாக மடங்காது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. குடியிருப்பு மக்களிடம் கருத்துக் கேட்க நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன்; அப்போது அவர் எனக்கு அறிமுகம் இல்லை. எஞ்சினியர் பேசி முடித்ததும் தம்பி எழுந்து நின்றார்.

“நம்ம வீட்டை நீயே இடிக்கப் போறியா அக்கா?”

“இடிக்கத்தான் வேணும்டா. சரிவு வரணும்.”

“யாருக்குச் சரிவு? எனக்குன்னு சொல்லிடாதே. நான் நடக்கலன்னு இங்க யாரும் அழல. அப்பா நின்ன இடம் அது. அந்த ஜன்னல்ல உக்காந்துதானே நான் உலகத்தையே பார்த்தேன்!”

“ஜன்னலோட உன்னைக் கட்டி வெச்சிருந்தது ஞாபகம் இருக்கா?”

 தம்பிக்கு ஞாபகம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அம்மா உன் இடுப்புல துணியைச் சுத்தி ஜன்னல் கம்பியோட கட்டிருவாங்க. நீ தண்டவாளத்துக்கு ஓடிருவேன்னு. ஒவ்வொரு ரயிலுக்கும் கட்டி, ஒவ்வொரு ரயிலுக்கும் அவிழ்ப்பாங்க. அந்த வீட்டுல அம்மா ஒரு நாள்கூட அசந்து தூங்கினதில்லடா. நீ வண்டியைப் பார்த்தே. நான் அவங்க கையைப் பார்த்தேன். முடிச்சுப் போட்டுட்டு, இறுகியிருக்கான்னு அது எத்தனை தடவை இழுத்துப் பார்க்கும் தெரியுமா?”

 தம்பி கைத்தடியைத் தரையில் ஒருமுறை குத்திவிட்டு வெளியே போனார். அதன் பிறகு அக்காவோடு பேச்சு இல்லை. அவர் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் அண்டை வீட்டார் வாயிலாகத்தான் இவர் காதுக்கு வரும்.

வீட்டை இடித்தது ஒரு வெயில் நாளில். இயந்திரம் வந்து நின்றதும், “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ரயிலக்கா மட்டும் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். ஏதாவது எடுத்து வைக்க வேண்டுமா என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். “ஒண்ணுமில்லப்பா. ஆரம்பிங்க.” சுவர் சாய்ந்தபோது அவர் திரும்பிக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான். திரும்பவில்லை. முழுக்கப் பார்த்தார். தூசி அடங்கிய பிறகு, முகம் கழுவுகிற சாக்கில் ‘தொட்டி’ப் பக்கம் போனவர் வெகு நேரம் வரவில்லை. கொய்யா மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு வளைவு எடுத்துச் சரிவை இறக்கினார்கள். அது எஞ்சினியர் பெண்ணின் பிடிவாதம்.

சரிவு திறந்த நாளிலிருந்து கீழே இருந்து ஜனம் ஏறி வருகிறது. இரட்டைக் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தாய். பார்வை மங்கிய கணவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தையல்காரி. பேச்சுக்குப் பேச்சு, “எல்லாரும் ஏறி வர்றாங்க” என்பார் ரயிலக்கா. எல்லாரும் என்ற சொல்லில் கொஞ்சம் தயங்குவார்.

போன வாரம் ஒரு காலை, கொய்யா மரத்தருகே ரயிலக்கா தானும் சிமென்ட் குழைத்துக் கொடுத்துக் கல் பதிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவில் கைத்தடிச் சத்தம். தம்பி. வியர்வையோடு, யாரையும் பார்க்காமல், மேலே வந்து சேர்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

“செங்கல்லெல்லாம் எங்க போச்சு?” என்றார், பொதுவாக, மரத்தைப் பார்த்து.

“நீ ஏறி வந்தியே, அதுக்குக் கீழதான் இருக்கு. உடைச்சு அடியில கொட்டித்தான் சரிவைத் தூக்கினோம்” என்றார் அக்கா, அவரும் மரத்தைப் பார்த்தே.

தம்பி திரும்பிச் சரிவை ஒருமுறை பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பெஞ்சில், நீட்டிய கால் நீட்டியபடியே, மெதுவாக உட்கார்ந்தார். கீழே குடியிருப்பின் கூரைகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மைதானத்துப் பக்கமிருந்து பந்து உதைபடும் சத்தம் வந்தது.  கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி முயன்றார். அக்கா உதவிக்கு நகர்ந்ததும், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“என்ன பெஞ்சு போட்டிருக்கே நீ? இவ்வளவு தாழ்வா! உக்காந்தா எழுந்திருக்கவே முடியல. இதுல பெரிய சூப்பர்வைசராம்.”

கூட்டம் நடந்த நாளுக்குப் பிறகு அக்காவிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

 ரயிலக்கா கல் பதிக்கிறவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். தம்பி கைத்தடியை ஊன்றி, பல்லைக் கடித்து எழுந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, ஈரச் சிமென்ட் அப்பிய உள்ளங்கையைத் தம்பியின் மடங்காத முழங்காலுக்குப் பின்னால் அழுத்தி வைத்து, “பெஞ்சை இந்த உயரத்துக்கு ஏத்துங்க” என்றார். கல்காரர் அளவு நாடாவை எடுத்து, உயரம் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். கை அங்கேயே இருந்தது.