சூரத் வரைக்கும் ஒட்டிய பொட்டு

திருப்பதியில் வீடு இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "உங்களுக்கென்ன, நெனச்சா மலையேறிடலாம்" என்பார்கள். நினைக்க நேரம் வேண்டாமா? எங்கள் வீடு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருந்தது. அதுதான் எங்கள் தலையெழுத்து. பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் சூரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். குளித்தார்கள், சாப்பிட்டார்கள், மலையேறினார்கள், மொட்டையடித்துக்கொண்டு இறங்கி வந்து மறுபடியும் சாப்பிட்டார்கள். லட்டுகளை மட்டும் பத்திரமாகப் பையில் அடுக்கிக்கொண்டார்கள். போகும்போது அதில் ஒன்றைக் கிள்ளி எங்கள் கையில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

எனக்கென்று ஒரு கட்டில் உண்டு. வருஷத்தில் பாதி நாள் அதில் யாராவது ஒரு மொட்டைத்தலை குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். மொட்டைக்குப் பூசிய சந்தனம் தலையணை உறையில் மஞ்சளாக இறங்கி, எந்த சோப்புக்கும் போகாமல் அப்படியே நிற்கும். அம்மா அந்த உறைகளைக் கல்லில் போட்டு அடிப்பாள். அந்த அடி உறைக்கு இல்லை என்று நாலாம் வகுப்பு படித்த எனக்கே தெரியும்.

அப்படி ஒரு நாள், பெங்களூர் அத்தை குடும்பத்தை ரயிலேற்றிவிட்டு வந்த மத்தியானம், அம்மா ஒரு உறையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"நாமளும் போறோம்."

"எங்கம்மா?"

"இந்தத் தலவாணியில படுத்தவங்க ஊட்டுக்கெல்லாம்."

அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டினார். காணிப்பாக்கம், காளஹஸ்தி என்று யாத்ரிகர்களை ஏற்றிக்கொண்டு போவதும் வருவதும்தான் அவர் தொழில். அம்மா அந்த வேனில் அதிகபட்சம் போனது, ஒரு பக்கம் அவள் பிறந்த ஊரான நகரி, இன்னொரு பக்கம் நைனாவின் ஊரான புத்தலப்பட்டு. இரண்டு ஊருக்கும் சாவுக்கோ கல்யாணத்துக்கோ போய், அன்றே திரும்பி வந்துவிடுவாள். இப்போது அவள் போட்ட திட்டம் நாலு மாநிலம். சித்தூர், பலமநேர் வழியாக பெங்களூரில் அத்தை வீடு. அங்கிருந்து ஹூப்ளி தாண்டிப் புனேயில் சித்தப்பா வீடு. அதற்கப்புறம் கடைசியாக சூரத்தில் மாமா வீடு. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நைனாவிடம் விஷயத்தைப் போட்டாள். நைனா சிரித்தார்.

"சீசன்மே. வண்டிய நிறுத்திட்டு இன்னாத்த துன்றது?"

"இந்த ஊர்ல சீசன் இல்லாத மாசம் ஒண்ணு சொல்லு, அப்ப போலாம்."

நைனா யோசித்தார். கோடை லீவு, தசரா லீவு, பிரம்மோற்சவம், புரட்டாசி, மார்கழி என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் போல. ஒரு மாசமும் அகப்படவில்லை.

"ஊர்ல கீற பொம்பளைங்க எல்லாம் உன் வண்டியில ஒக்காந்துட்டாங்கய்யா. நான் ஒருத்திதான் பாக்கி" என்றாள் அம்மா. "எனக்கு ஒரு ஆசதான். எங்கனா ஒரு ஊட்ல நானும் சும்மா ஒக்காரணும். யாராவது என் முன்னால ஒரு தட்டு வெக்கணும். எழுந்து போயி நான் எதையும் எடுத்துக்கினு வரக்கூடாது."

அதற்கு மேல் நைனாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். தங்கினால் நம்ம சனத்தின் வீட்டில்தான் தங்க வேண்டும். லாட்ஜில் தங்கினால் பெங்களூர் அக்கா மனசு உடைந்துவிடும், புனே தம்பி முகத்தில் முழிக்க முடியாது. வருகிறவர்கள் எல்லாரும் மலைமேல் இருக்கிற சாமியை நம்பினார்கள் என்றால், எங்கள் நைனா வருகிறவர்களை நம்பினார். யார் போன் செய்தாலும் "வாங்க வாங்க, நம்ம ஊடுதானே" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் தெரியாது. அவர் வாய் சொல்லும், அம்மா கை செய்யும்.

மறுநாளே அம்மா என்னைக் கடைக்கு அனுப்பி இந்தியா மேப் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். அடுப்பங்கரைச் சுவரில் அதை ஒட்டி, தன் நெற்றிக்கு வாங்கி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் சிவப்பாக இருந்தவற்றை உரித்து, தங்கப்போகிற ஊருக்கு ஒன்றாக ஒட்டினாள். சூரத்துக்கு மட்டும் கல் வைத்த பொட்டு. வண்டியே நிற்கக்கூடாது என்ற நைனாகூட, காபி டம்ளரோடு மேப் முன்னால் நிற்க ஆரம்பித்தார். மொகிலி கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்றார். ஹூப்ளி தாண்டினால் ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கும் என்றார். அம்மா புளியோதரைக்குப் பொடி இடித்தாள். அதோடு என்னிடம் இந்திப் பாடமும் கேட்டாள். நான் என்னவெல்லாமோ சொல்லிக்கொடுத்தேன். அவள் 'நஹி சாஹியே' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"வேணான்னு சொல்ல மட்டும் தெரிஞ்சா போதும். மத்தத உங்க நைனா பேசட்டும்."

பிறகுதான் போன் படலம். நைனா ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே என்னைக் கூப்பிடுவாள். "கையெல்லாம் மாவா கீது. நம்பரப் போட்டு, இஸ்பீக்கர் போடுடி." நான் போடுவேன்.

முதலில் அத்தை.

"அண்ணி, லீவுல நாங்க வரோம்."

"எங்க வர்றீங்க? நாங்கதானே தரிசனத்துக்கு வரணும்?"

"இல்லண்ணி. உங்க ஊட்டுக்கு. வண்டி எடுத்துக்கினு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. பிறகு அத்தை, "அய்யோ வாங்களேன், ஆனா இங்க தண்ணியே இல்லம்மா. போர் வத்திப்போச்சு. லாரித் தண்ணிய ஊத்திக்கினு நாங்களே அல்லாடறோம்" என்றாள்.

அம்மா "பரவால்லண்ணி" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள். நைனா சாம்பாரைப் பார்த்தபடி, "பெங்களூர்ல தண்ணி கஷ்டம் நெசந்தான்" என்றார். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்ததும், அத்தை குடும்பம் வரும்போதெல்லாம் அம்மா குடங்களோடு அடுத்த தெருவுக்கு நடந்ததும் அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

அடுத்து சித்தப்பா. புனேயில் பிள்ளைகளுக்குப் பரீட்சையாம்.

"மே மாசத்துலயா தம்பி?"

"பரீட்சைன்னா... கோச்சிங் அண்ணி. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. ஊட்ல டிவிகூடப் போடறதில்ல."

"புள்ளைங்க படிப்பு முக்கியந்தானே" என்று நைனா மோர் ஊற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் என் முழுப் பரீட்சை நடந்தபோது, அந்தப் பிள்ளைகள்தான் என் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேனுக்குள் உட்கார்ந்து தெலுங்குப் பாடம் படித்தேன். அதை வாய்விட்டே சொன்னேன். "பெரியவங்க பேசறப்ப நடுவுல வராதே" என்றார் நைனா.

எனக்கு நைனாமேல் கோபம் என்றால், அம்மாமேல் அதைவிடக் கோபம். சூடு சொரணை வேண்டாமா? ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்ல வைத்து, அதையும் வீடு முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, கடைசியில் "பரவால்ல" என்று வேறு சொல்கிறாளே என்று எனக்கு அவமானமாக இருந்தது. "இனிமே யாருக்கும் போன் பண்ணாதம்மா" என்றேன்.

"இன்னும் ஒண்ணு கீதே" என்றாள்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரியில் தாத்தா வீட்டுத் தறி நின்றுபோனபோது, மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கித்தான் காலேஜ் முடித்தார். அவருக்கு அம்மா விடியற்காலையில் எழுந்து டிபன் கட்டுவாள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் இவள் சாப்பிட மாட்டாள். சூரத்தில் துணி மில்லில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தபோது, தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அவர் குழந்தைகளுக்கு மொட்டை, காதுகுத்து எல்லாம் எங்கள் வீட்டில்தான் நடந்தது.

அன்றைக்கு அம்மா மாவு பிசையவில்லை. முகம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நைனாவின் தட்டுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "உன் ஆளுங்களப் பாத்தாச்சி. இப்ப என் தம்பி இன்னா சொல்றான்னு கேளு" என்று சொல்லி, அவளே நம்பரை அழுத்தி, அவளே ஸ்பீக்கரையும் போட்டாள்.

"அக்கா! நல்லா கீறியா?"

"நல்லா கீறேன்டா ராசா. நாங்க எல்லாரும் சூரத்துக்கு வரோம். வண்டியிலயே. உன் ஊட்டுக்கு."

"சூரத்துக்கா? அவ்ளோ தூரமா?" மாமா இருமினார். "இல்லக்கா... ஊடு சின்னது... அவ இன்னா சொல்வாளோ தெரில. அவளக் கேட்டுட்டு சொல்றேனே."

"கேளு ராசா. கேட்டுட்டு சொல்லு" என்றாள் அம்மா. போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நைனா முகத்தைப் பார்த்தேன். இப்போது மாமாவுக்கும் ஒரு வக்காலத்து வாங்குவார் என்று காத்திருந்தேன். அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டார். அவர் தட்டு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமா அப்புறம் போன் செய்யவே இல்லை. இனி எந்தப் பயணம் என்று நினைத்து, ஒரு சாயங்காலம் நான் ஸ்டூல் போட்டு ஏறி சூரத் பொட்டை உரிக்கப் போனேன். அம்மா என் கையில் ஒன்று போட்டாள்.

"அத ஏன் எடுக்கறே?"

"மாமாதான் எடம் இல்லன்னுட்டாரே."

"அவன் ஊட்லதான் எடம் இல்ல. ஊர்லயே எடம் இல்லன்னா சொன்னான்?" விளிம்பு எழும்பியிருந்த பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினாள். "சூரத்துக்குத்தான் போறோம். அத்தன தூரமும் போறோம்."

நைனா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் வரும்போது அவர் கையில் ஒரு பூட்டு இருந்தது. கனமான பித்தளைப் பூட்டு. எங்கள் வீட்டுக்கு அதுவரை பூட்டே கிடையாது. எப்போதும் யாராவது உள்ளே இருக்கிற வீட்டுக்குப் பூட்டு எதற்கு?

கிளம்ப வேண்டிய வாரம் அத்தை போன் செய்தாள். இந்தத் தடவை நைனா போனுக்கு. பேரனுக்கு மொட்டையாம், எட்டுப் பேராம், வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம். அத்தை பேசினால் போனுக்கு ஸ்பீக்கரே வேண்டாம். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். 'வாங்க வாங்க' வந்துவிடும், எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன்.

"வெள்ளிக்கெழம நாங்க ஊட்ல இல்லக்கா" என்றார் நைனா.

"அப்ப சாவிய பக்கத்து ஊட்ல குடுத்துட்டுப் போ."

"சாவி எங்கூட வருதுக்கா."

"பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கினு ஆடறியாடா?"

"ஆமாக்கா" என்றார் நைனா. "கேக்க ஆரம்பிச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை, இருட்டு பிரியும் முன்பே கிளம்பினோம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பெங்களூரை அதன் வெளிவட்டச் சாலையில் சுற்றிக்கொண்டு போனோம். புனேயில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அங்கே வெள்ளை வெளேரென்று இருந்த தலையணை உறையை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் அவள் முன்னால் தட்டு வைத்தார், கிண்ணம் கிண்ணமாகப் பரிமாறினார். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒரு தடவைகூட 'நஹி சாஹியே' சொல்லவில்லை. நான்தான் மாமா வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். "துன்னு" என்றாள்.

இப்போது எனக்கே கல்யாணமாகி, என் வீட்டிலும் மேப் இல்லாமலே வழி சொல்கிற போன் இருக்கிறது. போன மாசம் அம்மா வந்திருந்தாள். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. மாவுக் கையின் இரண்டு விரலால் எடுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள். ஸ்பீக்கர் போடவா என்று கேட்டேன்.

"எதுக்கு? பேசறது எனக்குத்தானே?" என்றாள்.

அவள் அன்றைக்கும் அப்படியே பேசியிருக்கலாம். மாவுக் கை அதற்கு ஒரு தடையே இல்லை. அத்தை என்ன சொல்வாள், சித்தப்பா என்ன சொல்வார் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெங்களூருக்கும் புனேக்கும் போட்ட போன்களை அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆளுக்குத்தான் போட்டாள். சொரணை கெட்டவள் என்று நான் அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சூரத்துக்குப் போட்டது மட்டும் அந்தக் கணக்கில் வராது. அன்றைக்கு அவள் கையில் மாவு இல்லை. அது ஒன்றில்தான் அவள் நிஜமாகவே ஒரு தட்டு கேட்டிருந்தாள்.