நாத்தனாரின் பட்டியல்

அந்த நோட்டின் அட்டையில் வெள்ளைக் களிமண் விரல்தடங்கள் மூன்று இருந்தன. கணவரை இழந்து எங்களோடு வந்து தங்கியிருந்த என் நாத்தனார், விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் அச்சில் வார்த்த பொம்மைகளின் ஓரம் தேய்க்கும் வேலை செய்தாள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் அந்த வெண்மை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து “இஸ்ஸோயோ, ஒப்சோயோ” என்று முணுமுணுப்பாள். கேட்டால், “கொரியன் படிக்கிறேன் அண்ணி. இஸ்ஸோயோன்னா இருக்குது, ஒப்சோயோன்னா இல்ல” என்று சொல்லி நோட்டை மூடிவிடுவாள். எட்டாவதோடு நின்றவளுக்குக் கொரிய மொழி எதற்கு? நான் நம்பவில்லை. அவள் உட்காரும் தேதி, நேரம் இரண்டையும் டைரியில் குறித்துவந்தேன்.

ஒரு ஞாயிறு அவள் குளிக்கப் போனபோது நோட்டின் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அதிலேயே தமிழாக்கிப் பார்த்தேன். ‘வீடு இருக்கிறது. அறை மூன்று இருக்கிறது. கிணறு இருக்கிறது. பீரோ இருக்கிறது.’ நான் பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்பவள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சொத்து விவரம் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் வரும். மாமனார் உயில் எழுதாமல் போனவர். மகளுக்கும் பங்குண்டு என்பது எனக்குத் தெரியாததா?

மதியச் சாப்பாட்டின்போது கணவர் முன்னிலையிலேயே கேட்டேன். “பங்கு வேணும்னா நேரா கேட்டுடும்மா. யாருக்கும் புரியாத எழுத்துல எதுக்கு எழுதி வைக்கிற?”

புரையேறும்வரை சிரித்தாள். “ஐயோ அண்ணி, கெணத்தப் பாத்தாலும் உங்களுக்குப் பத்திரந்தானா? என்னா இருக்குது, என்னா இல்லன்னு எழுதச் சொல்லிப் பாடத்துல வந்துச்சு. எனக்குன்னு எழுத ஒண்ணுமில்ல, அதான் உங்க வூட்ட எழுதினேன். திருட்டுத்தனமா பாத்ததுதான் பாத்தீங்க, அடுத்த பக்கத்தையும் பாத்திருக்கக் கூடாதா?”

கணவரும் சிரித்தார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நோட்டை வாங்கி, அவள் எதிரிலேயே அடுத்த பக்கத்தைப் படமெடுத்தேன். ஒரே வரி. ‘சாவி இல்லை.’

வாசல் பூட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று கணவரிடம், இரண்டு என் கைப்பையில். பட்டறை மூன்று மணிக்கு விட்டுவிடும். நான் வர ஐந்தரை ஆகும். இரண்டு வருடமாக எதிர்வீட்டுப் படியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் பூட்டைத் திறந்திருக்கிறேன். அந்த நேரத்தை ஒருநாளும் நான் குறித்ததில்லை.

அன்று சாயங்காலம் ஒரு சாவியைக் கழற்றி நீட்டினேன். “மெட்ராஸ் பக்கம் ஒரகடத்துல ஒரு கொரியாக்காரங்க கம்பெனி கேன்டீன்ல வேல கெடச்சிருக்குது அண்ணி. வர்ற மாசம் போறேன். அங்க ஆஸ்டல்ல எனக்குன்னு ஒரு சாவி குடுப்பாங்களாம்” என்றாள். அவள் கையில் சோப்பு நுரை இருந்தது; அதைக் கழுவிச் சாவியை வாங்கவில்லை.

இப்போது பொங்கலுக்குப் பொங்கல் வருகிறாள். பஸ் ஏறும் முன் போன் செய்து, “எத்தன மணிக்கு வூட்ல இருப்பீங்க அண்ணி?” என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியில் குத்தல் இருக்கிறதா, வெறும் பழக்கமா என்று ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.